திட்டு வாங்கத் திட்டம்

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, இன்றைக்கு எப்பாடு பட்டாவது மனைவியிடம் திட்டு வாங்கிவிடுவது என்று வசனகர்த்தா முடிவெடுத்தார்.

மற்ற கணவர்களுக்கு இது முடிவெடுத்துச் செய்கிற காரியமில்லை. அதுபாட்டுக்கு நடக்கும். இவருக்கும் இருபத்துமூன்று வருஷமாக அதுபாட்டுக்குத்தான் நடந்துகொண்டிருந்தது. போன புதன்கிழமை திடீரென்று நின்றுபோயிற்று. குழாயில் தண்ணீர் நின்றால் போன் பண்ணிக் கேட்க ஓர் ஆபீஸ் இருக்கிறது. வீட்டில் திட்டு நின்றுபோனால் யாருக்குப் போன் பண்ணுவது?

சனிக்கிழமைக்குள் அவருக்கு நாலு நிமிஷத் திட்டு வேண்டும். சரியாகச் சொன்னால் நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. கிடைக்காவிட்டால் அவருடைய தொழில் அத்தோடு முடிந்தது.

அவர் தொழில் இதுதான். வேறு நாட்டுப் படங்களைத் தமிழில் பேசவைக்கிற ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் வசனம் எழுதுகிறார். சொந்தமாக ஒரு படம் எழுத வேண்டும் என்றுதான் இளவயதில் கிளம்பினார். மூன்று நோட்டு நிறைய எழுதியும் வைத்திருந்தார். கடைசியில் வாய்த்தது, யாரோ எங்கேயோ பேசி முடித்துவிட்ட வாய்களுக்குள் தமிழைத் திணிக்கிற வேலை. ஐம்பத்தொரு வயதில் அந்த வேலையும் ஆட்டம் கண்டிருந்தது. போன வருஷம் எழுதிய பனிமலைப் படத்தில், கதாநாயகன் வாயை மூடிச் செத்துப்போன பிறகும் இரண்டு வார்த்தை பேசினான். அழ வேண்டிய இடத்தில் தியேட்டரே சிரித்தது. அதற்கடுத்த காதல் படத்தில் கதாநாயகி 'என்னுயிரே' என்று சொல்லும்போது, படத்தில் அவள் உதடு மூன்று முறை ஒட்டிப் பிரிந்தது. சூடான டீயை ஊதுவதுபோல் இருந்தது. மூன்றாவது படமும் இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஸ்டுடியோவில் பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள்.

சொன்னவர் டப்பிங் இயக்குநர். அவரை எல்லோரும் உதட்டு வாத்தியார் என்பார்கள். மனிதர் யாரைப் பார்த்தாலும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார். அவருடைய பாடம் ஒன்றே ஒன்று. ப, ம இரண்டில் எது வந்தாலும் உதடு ஒட்டும். திரையில் உதடு ஒட்டுகிற இடத்தில் வசனத்திலும் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். இந்தப் பாடத்தை வசனகர்த்தாவுக்கு அவர் ஒன்பது வருஷமாக நடத்திக்கொண்டிருந்தார்.

வசனகர்த்தாவின் மனைவியும் பாடம் நடத்துகிறவர்தான். காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர். ஊரார் மட்டுமல்ல, அவரே மனைவியை டீச்சர் என்றுதான் சொல்வார். ஆக, வீட்டில் டீச்சர், ஸ்டுடியோவில் வாத்தியார். வசனகர்த்தாவுக்குப் படிப்புதான் ஏறவில்லை.

மூன்றாவதாக வந்தது ஒரு போர்ப் படம். கடல் நடுவே விமானம் தாங்கிக் கப்பல். அதன் மேல்தளத்திலிருந்து பறந்துபோய்ச் சண்டை போட்டுவிட்டு, திரும்பி வந்து அதே தளத்தில் இறங்குகிற பதினோரு விமானிகள். தளம் கையகல நீளம். இறங்குகிற விமானம் குறுக்கே கட்டிய கம்பியில் கொக்கியை மாட்டி நிற்க வேண்டும், தவறினால் கடல்தான். ஒவ்வொரு முறையும் போனவர்களில் ஒருவன் குறைவாக வருவான். அவர்களை அனுப்பிவிட்டு எண்ணிக்கொண்டு நிற்பவர் ஒரு நரைத்த தலைக் கமாண்டர். படம் முழுக்க அவருக்கு ஒரே வேலை, வருகிறவனைத் திட்டுவது. ஜெயித்து வந்தாலும் திட்டு, தோற்று வந்தாலும் திட்டு.

விமானிகளால் வசனகர்த்தாவுக்குத் தொல்லையில்லை. பாதி நேரம் முகமூடி போட்டிருந்தார்கள். அதற்குள் என்ன எழுதினாலும் பொருந்தும். தன் பழைய கவிதைகள் இரண்டைக்கூட அந்த முகமூடிகளுக்குள் நுழைத்துவிட்டார். கமாண்டர்தான் கழுத்தறுத்தார். கேமரா அவர் முகத்தை விட்டு நகரவே இல்லை. மீசையும் கிடையாது. உதட்டை மறைக்க ஒரு முடிகூட இல்லை.

முதல் காட்சிக்கு வசனகர்த்தா எழுதியிருந்தது: 'கடலரசனின் காதலரே, எழுங்கள்.'

வாத்தியார் படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். கமாண்டர் மூன்று முறை வாயை மூடுகிறார், உங்கள் வசனம் ஒருமுறைகூட வாயை மூட மாட்டேன் என்கிறதே என்றார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, மூன்று வாரம் தருகிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டுக் கமாண்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானத்தை மோதி நசுக்கிவிட்டு இறங்கிய பொடியன் ஒருவனைக் கமாண்டர் திட்டுகிற இடம். திருப்பித் திருப்பி ஓடவிட்டதில் அடுப்பில் வைத்த பால் நினைவில்லை. பள்ளியிலிருந்து வந்த டீச்சர், கைப்பையைக்கூட இறக்காமல் வாசலிலிருந்தே ஆரம்பித்தார்.

"பாலைப் பாத்துக்கச் சொன்னா படத்தைப் பாத்துட்டு இருக்கீங்க. பொங்கிப் போச்சு பாருங்க. அப்படியே பாத்துட்டு நிக்காம போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்க."

வசனகர்த்தா நிஜமாகவே அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சரை அல்ல, திரையை. ஒட்ட வேண்டிய இடமெல்லாம் கமாண்டரின் உதடு ஒட்டியது. பிரிய வேண்டிய இடத்தில் பிரிந்தது. கடைசி 'கழுவுங்க'வில் கமாண்டர் விரலை நீட்டிக் கோணவாய் கோணினார். அதுகூடப் பொருந்தியது.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. காதால் கேட்க முடியாத பிள்ளைகளோடு இருபது வருஷம் பேசியதில், கண்ணுக்குத் தெரிகிற வார்த்தையாகப் பார்த்துப் பொறுக்கிப் பேசுவது டீச்சருக்கு வழக்கமாகியிருந்தது. பாரு, போ, வா, மேலே, அப்புறம் எல்லாம் உதட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கிற வார்த்தைகள். கோபம் வந்தால் அந்த வழக்கம் இரட்டிப்பாகும்.

வசனகர்த்தா பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து எழுதினார். முதல் வார்த்தையில் கமாண்டர் முகத்தைத் திருப்பியிருந்ததால் அங்கே எதையும் வைக்கலாம். பாலை எடுத்துவிட்டுக் கடலைப் போட்டார். 'கடலைப் பாத்து வரச் சொன்னா பறவையைப் பாத்துட்டு இருக்கே. பொத்துப் போச்சு பாரு. அப்படியே பாத்துட்டு நிக்காம போய் பிளேனைக் கழுவு.'

மறுநாள் வாத்தியார் மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு, ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக, வசனகர்த்தாவின் கண்ணைப் பார்த்தார். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார்.

"உள்ளேருந்து வருதுங்க" என்றார் வசனகர்த்தா. அதில் பொய்யில்லை. அவர் வீட்டில் சமையலறை உள்ளேதான் இருந்தது.

அன்றே திட்டு வாங்கத் திட்டம் போட்டார். திட்டம் சுலபமானது. படத்தில் விமானி என்ன தப்புச் செய்கிறானோ அதே வகைத் தப்பை வீட்டில் செய்ய வேண்டும். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். டீச்சரிடம் நடந்ததைச் சொல்லி உதவி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அது டீச்சரின் வசனமாகிவிடும். ஒன்பது வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு பாராட்டைப் பங்கு போட அவருக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் பகுதியில் ஒருவன் எரிபொருளைக் கவனிக்காமல் பறந்து பாதி வழியில் கடலில் இறங்குகிறான். அதற்காகச் சமையல் கேஸ் தீரப்போவது தெரிந்தும் வசனகர்த்தா வாயைத் திறக்கவில்லை. பாதிச் சமையலில் அடுப்பு அணைந்தது. பாக்கிப் பாதி வேக உங்கப்பாவா வந்து ஊதுவாரு என்று டீச்சர் கேட்டார். பாக்கிப் பாதி தூரத்துக்கு உங்கப்பாவா வந்து தள்ளுவாரு என்று கமாண்டர் கேட்டார். ஐந்தாம் பகுதியில் ஒரு விமானி யாரையும் கேட்காமல் கிளம்பிவிடுகிறான். வசனகர்த்தாவும் யாரையும் கேட்காமல் தன் அத்தையை வரவழைத்தார். அத்தை நாலு நாள் தங்கினார். அந்த நாலு நாளில் ஏழு காட்சி முடிந்தது.

ஸ்டுடியோவில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். கமாண்டருக்குக் குரல் கொடுப்பவர் கனத்த தொண்டைக்காரர், முப்பது வருஷ அனுபவம். இந்தக் கமாண்டர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஆள் மாதிரி இருக்கிறாரே என்று அவர் வியந்தார். வசனகர்த்தா அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். இரவும் பகலும் இதே சிந்தனை என்று சொல்லிவைத்தார்.

இப்படியே கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டார்கள். பத்து விமானிகள் போய்விட்டார்கள். பதினோராவது ஆள் போனவன் வரவில்லை. கமாண்டர் தன்னந்தனியாக மேல்தளத்தில் நின்று, மைக்கைப் பிடித்து, வராத விமானத்தோடு பேசுகிறார். நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. திரை முழுக்க ஒரே முகம். படமே அதில்தான் நிற்கிறது என்றார் வாத்தியார். அடுத்த வாரச் சனிக்கிழமை குரல்காரர் வருகிறார், அன்றைக்கு முடித்தாக வேண்டும் என்றார்.

பெரிய திட்டுக்குப் பெரிய தப்பு வேண்டும் அல்லவா. போன புதன்கிழமை சாயங்காலம் வசனகர்த்தா டீச்சரின் வெள்ளைப் புடவைகள் மூன்றையும், பள்ளி ஆண்டு விழாவுக்கு எடுத்து வைத்திருந்ததையும் சேர்த்து, தன் புது நீலச் சட்டையோடு வாஷிங் மெஷினில் போட்டார். ரெக்கார்டரை ஓடவிட்டுக் காத்திருந்தார்.

டீச்சர் மெஷினைத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து உதறினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவாயில்லைங்க. நீலமும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வசனகர்த்தா சட்டைப்பைக்குள் கையை விட்டு ரெக்கார்டரை நிறுத்தினார்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு சுடுசொல் இல்லை. ஈரத் துண்டைப் படுக்கையில் போட்டால் டீச்சர் எடுத்துக் கொடியில் காயப்போட்டார், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி. சாப்பாட்டில் உப்பில்லை என்றால் உப்பைக் கொண்டுவந்து வைத்தார். அதனால்தான் திங்கட்கிழமை காலை அந்த முடிவு.

அன்று டீச்சரின் மூக்குக்கண்ணாடி மேல் உட்கார்ந்தார். தற்செயலாக அல்ல, குறி பார்த்து. பழைய கண்ணாடி ஒன்று இருக்கிறது, பவர் கொஞ்சம் குறைவு, அதனால் என்ன, உங்களுக்கு ஒன்றும் குத்தவில்லையே என்று டீச்சர் விசாரித்தார். செவ்வாயன்று டீச்சரின் அண்ணனுக்குப் போன் செய்து, விடுமுறைக்குக் குடும்பத்தோடு வர வேண்டாம், வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கும் அலைச்சல்தானே, நல்லதாகப் போயிற்று என்றார் டீச்சர். புதனன்று கடைசி ஆயுதத்தை எடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தயாரிப்பாளரின் மகளைத் தனக்குப் பேசினார்கள் என்றும், அவளைக் கட்டியிருந்தால் தன் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றும் சாப்பிடும்போது சொன்னார்.

"தப்பிச்சிட்டாங்க, பாவம்" என்றார் டீச்சர்.

வசனகர்த்தா ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் டீச்சர் மேற்கொண்டு எதுவும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை விநாடி. பாக்கி நாலு நிமிஷம் பத்தரை விநாடி.

வியாழக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து தானே எழுதிப் பார்த்தார். பழைய மூன்று நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். 'தாயகத்தின் தீரனே' என்று ஆரம்பித்தார். கமாண்டரின் வாய் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தது. கிழித்துப் போட்டார். 'அலைகளே, சாட்சி சொல்லுங்கள்' என்று எழுதினார். கமாண்டர் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். மத்தியானம்வரை கிழித்த தாள்கள் தரை முழுக்கக் கிடந்தன. சாயங்காலம் வந்த டீச்சர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அப்போதுதான் வசனகர்த்தாவுக்கு வேறொரு பயம் வந்தது. வசனத்தைப் பற்றியது அல்ல. திட்டுவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டுமே, இந்த ஆள் திருந்துவான் என்று. டீச்சர் பள்ளியில்கூட, இனிமேல் சரிவராது என்று ஒரு பிள்ளையைக் கைவிட்டதில்லை, தொண்டை வற்றுகிறவரை கத்திக்கொண்டுதான் இருப்பார். தன்னைக் கைவிட்டுவிட்டாரோ? இருபத்துமூன்று வருஷம் பார்த்துவிட்டு, இது இவ்வளவுதான் என்று ஓரமாக வைத்துவிட்டாரோ? வாத்தியார் பேனாவை மூடி வைத்தது ஞாபகம் வந்தது. கோபமில்லாத அந்தக் குரலும். ஐம்பத்தொரு வயதில் எழுதத் தெரியாதவன் என்று பெயரெடுத்தால்கூட எங்கேயாவது ஓர் ஓரத்தில் பிழைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே திட்டக்கூட லாயக்கில்லாதவன் ஆகிவிட்டால் எங்கே போய் நிற்பது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டார். டீச்சர் மேஜையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு உதவி வேணும். என்னைக் கொஞ்சம் திட்டு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா எப்படித் திட்டறதுங்க. ஏதாவது பண்ணியிருக்கணும்ல."

வசனகர்த்தா ஒவ்வொன்றாகச் சொன்னார். புடவை. துண்டு. கண்ணாடி. அண்ணன். தயாரிப்பாளர் மகள். எல்லாம் வேண்டுமென்றே செய்தது என்பதையும் சொன்னார். டீச்சர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், தெரியும் என்றார்.

"தெரியுமா? அப்ப கோவம் வரலையா?"

"வந்துச்சு."

"வந்து?"

"வச்சிருக்கேன்."

எங்கே, எதற்கு என்று அவர் கேட்பதற்குள் டீச்சர் அடுத்த நோட்டை எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் வசனகர்த்தா லேப்டாப்பைத் திருப்பிவைத்துக் கடைசிப் பகுதியை ஓடவிட்டார். இந்த முகத்துக்கு வார்த்தை வேண்டும், என்னிடம் இல்லை, நாளைக்கு ஸ்டுடியோவில் கையை விரித்துவிட்டு வரப்போகிறேன் என்றார்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். கமாண்டர் மைக்கைக் கையில் எடுப்பதற்கு முன்பே டீச்சர் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். வசனகர்த்தா இதைக் கவனித்தார். ஏன் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"இவர் திட்டலைங்க" என்றார் டீச்சர். "திட்டறதுக்கு ஆள் வரலைன்னு தவிக்கிறாரு."

கடைசி வார்த்தையைக் காட்டி, இந்த இடத்தில் தாய்நாடு என்று வைத்தால் பொருந்துமா என்று வசனகர்த்தா கேட்டார். டீச்சர் இல்லையென்று தலையாட்டினார். அந்த வாயில் அப்பா என்றும் இருக்கலாம், அம்மா என்றும் இருக்கலாம், எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் பார்க்க ஒன்றுதான், எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிப்பார்கள் என்றார். பிறகு, காலையில் பள்ளிக்கூட வேலை இருக்கிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை காலை டீச்சர் சொன்னபடி சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டார். வசனகர்த்தா வெறும் கையோடு ஸ்டுடியோவுக்கு நடந்தார். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுமே என்றுதான் நடந்தார். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் வசனம் யோசித்தார். அதுவும் வரவில்லை.

ஒலிப்பதிவு அறையின் கதவைத் தள்ளினால், அவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். நீலமாகிப்போன அந்த ஆண்டு விழாப் புடவையில். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. பக்கத்தில் உதட்டு வாத்தியார் பவ்வியமாக நின்றுகொண்டிருந்தார். டீச்சர் வாயைத் திறந்தபோதெல்லாம் வாத்தியார் அவர் உதட்டையே ரசித்துப் பார்த்தார்.

"வாங்க சார். முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் வாத்தியார். "கமாண்டரை வீட்டுல வச்சுக்கிட்டு ஒன்பது வருஷம் எங்களைப் பாடுபடுத்திட்டீங்களே."

நடந்தது இதுதான். போன வாரம் செவ்வாய்க்கிழமை டீச்சரின் போனில் சார்ஜ் இல்லை. பள்ளியில் ஏதோ படம் எடுக்க வேண்டும் என்று கணவரின் போனை எடுத்துக்கொண்டு போனார். அதில் வரிசையாக இருபத்தாறு பதிவுகள். கமாண்டர் ஐந்து, கேஸ். கமாண்டர் பதினொன்று, அத்தை. ஒன்றைத் தட்டினால் தன் குரல். இருபத்தாறையும் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாகப் பேசிய எண்ணுக்குப் போன் செய்தார். அது வாத்தியாருடைய எண். மறுநாள், புதன்கிழமை மத்தியானம், ஸ்டுடியோவுக்கே வந்து கடைசிப் பகுதியைப் பார்த்தார். பதினோராவது விமானத்துக்குக் கமாண்டர் சொல்வதை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு போனார். இன்றைக்குக் காலையில் எழுதிக் கொடுத்துவிட்டார். உதடு ஒரு இடத்தில்கூட விலகவில்லை.

வசனகர்த்தா, பத்து நாளாக ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை என்று மட்டும் கேட்டார்.

"இதை எழுதிட்டு இருந்தேங்க. ஒரே சமயத்துல ரெண்டு இடத்துல திட்ட முடியுமா?" என்றார் டீச்சர். "நீங்க பண்ணினது ஒண்ணையும் நான் வீணாக்கலை. புடவைக்கு வந்த கோவம் முதல் நிமிஷத்துல இருக்கு. அண்ணன் ரெண்டாவதுல. அந்தத் தயாரிப்பாளர் பொண்ணு மூணாவதுல."

படத்தில் வசனம் என்று டீச்சர் பெயரைப் போட்டாகிவிட்டது, சாருக்கு உதவி என்று போடலாமா என்று வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். உதவி வேண்டாம், தூண்டுதல் என்று போடுங்கள், அதுதான் உண்மை என்றார் டீச்சர். அடுத்த படத்துக்கும் அவரிடமே பேசி முடித்திருந்தார்கள்.

ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. குரல்காரர் காலையிலிருந்து ஐந்து முறை பேசிப் பார்த்துவிட்டார். செய்தி வாசிப்பதுபோல் வந்ததே தவிர உயிர் வரவில்லை. எழுதியவரே ஒருமுறை பேசிக் காட்டினால் அதைக் காதில் வாங்கிக்கொண்டு தான் பேசிவிடுவதாகச் சொன்னார். குரல்காரர் கேட்டுப் பேசுவதற்காக முன்னால் பதிவு செய்கிற மாதிரிக் குரலுக்கு அந்தத் தொழிலில் பைலட் டிராக் என்று பெயர்.

டீச்சர் மைக் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். எதிரே ஆள் இல்லாமல் எனக்குத் திட்ட வராது என்றார்.

வாத்தியார் திரும்பி வசனகர்த்தாவைப் பார்த்தார். "சார், நீங்க போய் எதிர்ல நில்லுங்க. அவங்க கமாண்டர். நீங்கதான் பைலட்."

வசனகர்த்தா போய் நின்றார். விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அப்பால் திரையில் கமாண்டரின் முகம் வந்தது. இந்தப் பக்கம் டீச்சரின் முகம். டீச்சர் திரையைப் பார்க்கவே இல்லை.

"எங்கப்பா போனே. போறேன்னு சொல்லிட்டுப் போனா போதுமா? எப்ப வருவேன்னு சொல்ல வாய் இல்லையா? எண்ணெய் எவ்வளவு பாக்கி இருக்குன்னு பாத்தியா? பாத்திருக்க மாட்டே. எதைத்தான் பாத்திருக்கே நீ. போட்டதைப் போட்டபடி போட்டுட்டுப் போவே. பின்னாலேயே பொறுக்கிட்டு வர ஒரு ஆள் இருக்குன்னு தைரியம். நீ பண்ணின தப்பு ஒண்ணு விடாம எனக்குத் தெரியும்ப்பா. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். அதுவும் உனக்குத் தெரியாம இல்லை, அப்படித்தானே?"

முதல் நிமிஷம் முடிவதற்குள் வசனகர்த்தாவின் தோள் தானாகத் தளர்ந்தது. இரண்டாவது நிமிஷத்தில் தலை குனிந்தது. பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது ஏதோ இறங்கிப் போவதுபோல் இருந்தது. கைவிடவில்லை. ஒன்றையும் மறக்கவில்லை. எல்லாம் பத்திரமாக இருந்திருக்கிறது. மூன்றாவது நிமிஷத்தில், இதைவிட நல்ல வாழ்க்கை உனக்கு எங்கேயோ இருந்ததாமே, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு என்று கமாண்டர் கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாலாவது நிமிஷத்தில் டீச்சரின் குரல் தாழ்ந்தது.

"பத்துப் பேர் போயாச்சு. பத்துப் படுக்கையை நானே மடிச்சு வச்சேன். பதினொண்ணையும் மடிக்க என்னால முடியாது. போதும்ப்பா. மேலே வெளக்கு போட்டு வச்சிருக்கேன். பாத்து மெதுவா இறங்கு. திட்ட மாட்டேன். பேசக்கூட மாட்டேன். வந்துட்டா போதும். வாப்பா."

திரையில் கமாண்டரின் உதடு ஒட்டிப் பிரிந்தது. கண்ணாடிக்கு அப்பால் குரல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வசனகர்த்தாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலேயே விசும்பிவிட்டார். இருபத்துமூன்று வருஷத்தில் சொல்லாத ஒன்றை மனைவியிடம் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எந்த நோட்டிலும் எழுதாத வார்த்தை. முதல்முறையாக அது தானாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவர் வாயைத் திறந்தார்.

மேலே ஸ்பீக்கரில் வாத்தியாரின் குரல் கேட்டது.

"டீச்சர், பிரமாதம். ஆனா சார் மூக்கை உறிஞ்சின சத்தம் உள்ளே விழுந்துடுச்சு. முதல்லேருந்து ஒரு டேக் போயிடலாம். சார், இந்தத் தடவை நீங்க வெளியில இருங்க."